மறுதலித்தவனைத் தேடிவரும் அருள்

பாவம் செய்தவனுக்கு மன்னிப்பு உண்டா என்னும் கேள்விக்கு எல்லாச் சமயங்களும் ஏதோ ஒரு வகையில் விடை கூறியுள்ளன. அதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மன்னிப்பு உண்டு என்று அறிந்த பிறகும் இறைவன் முன் முகம் காட்ட இயலாமல் நிற்பவனின் நிலை என்ன? குற்றத்தை எண்ணி வருந்துபவன் 'இதைச் செய்துவிட்டேனே' என்கிறான். வெட்கத்தால் குன்றியவனோ 'இப்படிப்பட்டவனாக இருக்கிறேனே' என்கிறான். முன்னவனுக்குப் பரிகாரம் சொல்லலாம். பின்னவன் பரிகாரம் கேட்கவே வருவதில்லை; ஒளிந்துகொள்கிறான். விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாம் செய்ததும் அதுவே. மரங்களுக்கிடையே மறைந்துகொண்ட அவனை இறைவனே அழைத்துத் தேட வேண்டியிருந்தது என்று விவிலியத்தின் முதல் நூல் கூறுகிறது.

அருள் என்பது தகுதிக்குக் கிடைக்கும் கூலி அன்று, தகுதியற்றவனுக்கும் அளிக்கப்படும் கொடை என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. அமைதியான நாட்களில் இதைச் சொல்வது எளிது. தான் உயிரினும் மேலாக நேசித்த ஒருவரை, நெருக்கடி வந்தபோது, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்ட மனிதனிடம்தான் இந்த நம்பிக்கை உரசிப் பார்க்கப்படுகிறது. அப்படிப்பட்டவர்களுள் முதல்வர், திருச்சபையின் தலைவராகவே போற்றப்படும் பேதுரு. தமிழகத்துப் பழைய கத்தோலிக்க நூல்கள் இவரை இராயப்பர் என்று வழங்கும்.

ஏசுநாதர் கைதான இரவில் தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். பேதுருவும் அங்கு நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அவரைக் கேள்வி கேட்டவர் ஆயுதம் தாங்கிய வீரர் அல்லர், ஒரு பணிப்பெண். சில மணி நேரத்திற்கு முன்புதான், உயிரே போனாலும் உம்மை விட்டு விலகேன் என்று குருவிடம் உறுதி கூறியிருந்தார் பேதுரு. அதே வாய் இப்போது மூன்று முறை அவரை அறியேன் என்றது. சேவல் கூவியது. அந்தக் கணத்தில் ஏசுநாதர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தார் என்ற செய்தியை லூக்கா மட்டுமே தருகிறார். கடிந்த சொல் ஒன்றும் இல்லை, பார்வை மட்டுமே. பேதுரு வெளியே சென்று மனம் கசந்து அழுதார்.

அதே இரவில் தவறிய இன்னொரு சீடரும் உண்டு. முப்பது வெள்ளிக் காசுகளுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மனம் வருந்தவில்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். மத்தேயுவின் நூல் அவ்வாறு கூறவில்லை. அவர் வருந்தினார், காசைத் திருப்பிக் கொடுத்தார், குற்றமற்ற ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக வாய்விட்டு ஒப்புக்கொண்டார். வருத்தம், ஈடுசெய்தல், அறிக்கை என்று மனமாற்றத்திற்குரிய அடையாளங்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன. ஆனால் அந்த அறிக்கையை அவர் செய்தது மதகுருமாரிடம். அது தங்களுக்குத் தொடர்பற்ற விஷயம், அவரே பார்த்துக்கொள்ள வேண்டியது என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். உடைந்து வந்து நின்ற ஒருவனிடம் சமயத் தலைவர்கள் கூறிய மிகக் கொடிய சொல் இதுவாகவே இருக்கக்கூடும். யூதாஸ் தனக்குத் தானே நீதிபதியாகி, தீர்ப்பையும் தானே நிறைவேற்றிக்கொண்டார். பேதுருவின் குற்றம் இலேசானது, யூதாஸின் குற்றம் பெரிது என்பதில் மட்டும் இருவரின் வேறுபாடு அடங்கிவிடாது. பேதுரு ஒரு பார்வைக்கு முன் அழுதார். யூதாஸ் எவர் பார்வையும் எட்டாத இடத்திற்குச் சென்றுவிட்டார்.

பேதுருவின் கதை கண்ணீரோடு முடிந்திருந்தால் அது வெறும் சோகக் கதை. யோவானின் நூல் அதன் தொடர்ச்சியைக் கூறுகிறது. உயிர்த்தெழுந்த ஏசுநாதர் கலிலேய ஏரிக்கரையில் சீடர்களுக்குக் காலை உணவு சமைத்துக் காத்திருக்கிறார். அங்கும் கரிநெருப்பு எரிகிறது. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது: மறுதலித்த முற்றத்தில் ஒருமுறை, இந்த ஏரிக்கரையில் மறுமுறை. இது தற்செயலாக இருக்க இயலாது. ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. தம்மீது அன்பு உண்டா என்றே மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை கேட்கும்போது பேதுருவின் மனம் நோகிறது. புண் இருக்கும் இடத்தைத் தொடாமல் மருந்திட முடியாது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் தம் ஆடுகளை மேய்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

நான்கு நற்செய்தி நூல்களும் பேதுருவின் மறுதலிப்பைப் பதிவு செய்துள்ளன. தன் தலைவரின் மிகப் பெரிய அவமானத்தை ஆதித் திருச்சபை மறைக்கவில்லை. சீடர்களுள் மிகச் சிலரே அந்த முற்றத்தில் இருந்திருக்கக்கூடும். ஆகவே பேதுருவே அதை ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டும் என்று கொள்வது பொருத்தமே. வெட்கம் மறைக்கச் சொல்வதை அவரால் வெளியே சொல்ல முடிந்தது.

எனினும் நியாயமான ஒரு தடை இங்கு எழுகிறது. வீழ்ந்தவனுக்கு இத்தனை எளிதாக இடம் கிடைக்குமானால், வீழாமல் நின்றவன் பட்ட துன்பத்திற்கு என்ன மதிப்பு? கி.பி. 250-இல் இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் வாழ்வின் கேள்வியாயிற்று. ரோமப் பேரரசர் டேசியஸ், குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றுச் சீட்டைப் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்து மண்ணிலிருந்து அத்தகைய பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. கிறிஸ்தவர்களுள் பெருந்தொகையினர் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டனர். மறுத்தவர்கள் சிறையும் சித்திரவதையும் பட்டனர். அலை ஓய்ந்ததும் வழுவியவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள்.

ரோமில் நொவேஷியன் என்னும் குரு அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். வியப்பு யாதெனில், சிறையில் காயங்களோடு கிடந்த உறுதியாளர்களுள் பலர், வழுவியவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைக் கடிதங்கள் எழுதினார்கள். அதிகம் இழந்தவர்களே அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நின்றார். அவரும் துன்புறுத்தலின்போது தலைமறைவாக இருந்தவர். அதற்காகப் பழிச்சொல் கேட்டவர். மன்னிப்பு உண்டு, ஆனால் நடந்ததை நடக்காததுபோல் ஆக்கும் மன்னிப்பு எவருக்கும் நன்மை செய்யாது என்பது அவர் நிலை. 251-இல் கூடிய ஆயர் மன்றம் ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்ந்து, தவக்காலம் விதித்து, கதவைத் திறந்து வைத்தது. சிப்ரியன் 258-இல் நம்பிக்கைக்காகத் தலை வெட்டப்பட்டு மாண்டார்.

சிப்ரியன் காலத்து வழுவியோர் ஒருமுறை விழுந்தார்கள், பிறகு எழுந்தார்கள். ஆண்டுதோறும் விழ வேண்டியிருந்தவர்களும் உண்டு. அருளைப் பற்றிய கேள்வி அவர்களிடம்தான் அதன் முழுக் கூர்மையையும் அடைகிறது.

ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவ சமயம் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. 1633-இல் நாகசாகியில் ஏசு சபைக் குருமார் சிலரைக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அவர்களுள் ஒருவரான நகாவுரா ஜூலியன், சிறுவனாக இருந்தபோது கோவா வழியாக ஐரோப்பா சென்று திரும்பிய ஜப்பானியத் தூதுக்குழுவைச் சேர்ந்தவர். அவர் மாண்டார். ஏசு சபையின் ஜப்பான் பணிக்குத் தலைமை தாங்கிய போர்த்துக்கீசியர் கிறிஸ்தோவாவ் ஃபெரைரா சுமார் ஐந்து மணி நேரத்தில் சமயத்தை மறுதலித்தார். ஷுசாகு எண்டோ 1966-இல் வெளியிட்ட 'மௌனம்' என்னும் புதினம் இந்த நிகழ்ச்சியின் நிழலில் எழுந்தது. 1640-களின் நடுவில் நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் பாமர மக்கள் மட்டுமே எஞ்சினர். பெரும்பாலும் உழவரும் மீனவருமாகிய அவர்கள் ஊரார் அறியாமல் நம்பிக்கையைக் காத்தார்கள்.

அவர்களைக் கண்டுபிடிக்க அரசு கையாண்ட முறை 'ஃபுமி-எ'. ஏசுநாதர் அல்லது மரியன்னையின் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரும் அதன்மேல் கால் வைக்க வேண்டும். தயங்குபவர் பிடிபடுவார். நாகசாகிப் பகுதியில் இது புத்தாண்டை ஒட்டி ஆண்டுதோறும் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வழக்கம் நீடித்தது. மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய், மிதிக்க மறுத்தால் குழந்தைக்கும் என்ன நேரும் என்பதை அறிவாள். வீட்டுக்குத் திரும்பி, 'கொஞ்சிரிசான்' என்னும் செபத்தைச் சொன்னார்கள். ஆழ்ந்த மனத்துயரைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு அது. தமிழ்க் கத்தோலிக்கர் 'உத்தம மனஸ்தாபம்' என்று வழங்குவது இதனையே. குருவிடம் பாவத்தை அறிக்கையிட வழியில்லாத நிலையில், வாய்ப்புக் கிடைக்கும்போது அறிக்கையிடும் எண்ணத்தோடு, இறையன்பால் எழும் உண்மையான மனத்துயரே மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்பது திருச்சபையின் போதனை. 1603-இல் ஜப்பானிய மொழியில் உருவான ஒரு சிறுநூல் இதை விளக்கியது. நூலைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

இது பாசாங்கு அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். இனி இப்பாவத்தைச் செய்யேன் என்னும் உறுதி உத்தம மனஸ்தாபத்தின் ஓர் உறுப்பு. அடுத்த ஆண்டும் அதே தகடு வரும், அதே கால் அதன்மேல் படும் என்று அறிந்தவன் எந்த முகத்தோடு அந்த உறுதியைச் சொல்வான்? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இரத்த சாட்சிகளாக மாண்டவர்களின் தியாகத்தோடு இவர்கள் மிதித்ததைச் சமமாக வைக்கவும் கூடாது. அவ்வாறு சமமானது என்று அவர்களும் கருதவில்லை; கருதியிருந்தால் செபத்திற்குத் தேவையே இருந்திராது.

எனினும் பாசாங்குக்காரன் தன் செயலுக்கு நியாயம் தேடுவான். தகடு வெறும் உலோகம்தானே, மனம்தானே முக்கியம் என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்கு மிக எளிதாக இருந்திருக்கும். அப்படி ஒரு சமாதானம் போதுமென்றால் மனத்துயர்ச் செபத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். மிதித்தது தவறு என்ற அறிவையும், தவறியவனை இறைவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கையையும் ஒரே கையில் ஏந்தி, பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். இரண்டில் எதை விட்டிருந்தாலும் அந்தச் சமூகம் அழிந்திருக்கும். முதலாவதை விட்டிருந்தால் மரத்துப்போயிருப்பார்கள். இரண்டாவதை விட்டிருந்தால் யூதாஸின் வழியில் போயிருப்பார்கள். வெற்றி பெறும் வலிமையாக அவர்களுக்கு அருள் வரவில்லை. தோற்ற பிறகு இறைவனிடமிருந்து ஒளிந்துகொள்ளாத வலிமையாக வந்தது.

1865-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, வெளிநாட்டவர்க்காக நாகசாகியில் பிரெஞ்சுக் குருமார் எழுப்பியிருந்த ஆலயத்திற்கு உராகாமி கிராமத்தார் சிலர் வந்தனர். அவர்களுள் ஒரு பெண், பெர்னார்ட் பெத்திழான் என்னும் குருவை அணுகி, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் கூறி, மரியன்னையின் சிலை எங்கே என்று கேட்டார். வாய்ப்புக் கிடைக்கும்போது அறிக்கையிடுவோம் என்று முன்னோர் எண்ணிய எண்ணத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாய்ப்பு வந்தது.

துன்பம் அத்துடன் ஓயவில்லை. தடை அப்போதும் சட்டத்தில் இருந்தது. 1867-இல் உராகாமி மக்கள் கைது செய்யப்பட்டனர். வதை தாங்காமல் பெரும்பாலோர் மறுதலித்தனர். தாகாகி செனெமோன் உறுதியாக நின்றார். மறுதலித்து விடுதலையானவர்களால் அதன்பின் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அவர்களுள் பலர் அதிகாரிகளிடம் தாமே சென்று, தங்கள் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கூறினார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய நாடுகடத்தலில் 3,400 பேர் அளவில் பல பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர்; 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் பலர் உறுதி குலைந்தனர். 1873-இல் தடை நீங்கியபோது நின்றவரும் விழுந்தவருமாக எல்லோரும் ஒரே ஊருக்குத் திரும்பினார்கள். அந்த நாடுகடத்தலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'தபி'. பயணம் என்பது அதன் பொருள்.

ஆலயம் கட்ட இடம் தேடியபோது, 1880-இல் ஊர்த்தலைவரின் பழைய வீட்டு மனையை விலைக்கு வாங்கினார்கள். முன்னோர் ஆண்டுதோறும் வரிசையில் நின்று தகட்டை மிதித்த இடம் அதுதான். 1895-இல் தொடங்கிய பணி 1914-இல் முடிந்து, பேராலயம் எழுந்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு அதைத் தரைமட்டமாக்கியது. 1959-இல் அதே மனையில் அதை மீண்டும் கட்டினார்கள்.