சொன்ன பொழுதும் வந்த பொழுதும்

நேரம் தவறாமை நற்பழக்கமா, அறமா? பள்ளிப் பாடநூல்கள் அதனைப் பல் துலக்குதல், நகம் வெட்டுதல் ஆகியவற்றோடு சேர்த்துப் பழக்கங்களின் வரிசையில் வைத்துவிட்டன. பழக்கம் என்று கொண்டால், அது இல்லாதவன் ஒழுங்கற்றவன், அவ்வளவே. அறம் என்று கொண்டால், அதில் தவறியவன் பிறனுக்குத் தீங்கிழைத்தவன் ஆகிறான். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. இவ்வினாவை மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் வைத்து ஆராய்வதினும், ஓர் அடுக்குமாடி வீட்டின் சன்னலருகே வைத்து ஆராய்தல் நன்று என்பது என் கருத்து. சன்னல் மாற்றும் வேலைக்கு ஆள் வருவதாகச் சொன்ன நாளில் காத்திருந்தவர்கள் இந்நாட்டில் ஏராளம்.

சிங்கப்பூரில் சன்னலை மாற்றுவது எப்போதும் ஆடம்பரச் செலவு என்று சொல்லிவிட முடியாது. 1960ஆம் ஆண்டு தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் நம்மில் மிகப் பெரும்பாலோர் வாழ்கிறோம். அவ்வீடுகளுள் பழையவற்றின் சன்னல்களும் பழையவை. வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களில் உள்ள அலுமினிய ஆணிகள் நாட்பட அரித்துத் தேய்ந்துவிடும் என்பதால், அவற்றை நீக்கித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டும் என்ற சட்டம் 2004ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பராமரிப்பின்றி விடப்பட்ட சன்னல் கீழே விழுந்தால், வீட்டுக்காரர்க்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பத்தாவது மாடியிலிருந்து விழும் சன்னலுக்குக் கீழே நடப்பவர் யாராகவும் இருக்கலாம் அன்றோ? எனவே கடுமை பொருந்தும். அன்றியும், இவ்வேலையைத் தெருவில் போகும் எவரையும் கூப்பிட்டுச் செய்துகொள்ள இயலாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற குத்தகையாளரே செய்தல் வேண்டும். ஆக, வீட்டுக்காரர் வேண்டிக் காத்திருப்பவர் அல்லர். காத்திருந்தே ஆக வேண்டியவர். வேறு வழியில்லாத ஒருவரிடம் கொடுக்கும் வாக்குக்கு எடை மிகுதி என்பதை இவ்விடத்தே மனத்தில் கொள்வோம்.

குத்தகையாளர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் ஒருவர் வந்து அளவெடுக்கிறார். அதன்பின் பட்டறையில் அலுமினியச் சட்டம் வெட்டப்படுகிறது. கண்ணாடிக்கு வேறோர் ஆலைக்கு ஆணை போகிறது. சூடேற்றி வலுவூட்டப்பட்ட கண்ணாடியை, வலுவூட்டிய பிறகு வெட்ட முடியாது. வெட்ட முனைந்தால் துகள்துகளாகச் சிதறிவிடும். ஆகவே அரைவிரல் அளவு பிழைத்தாலும் அந்தக் கண்ணாடி வீண். புதிதாகத்தான் செய்ய வேண்டும். பொருத்தும் நாளில் மழை பிடித்துக்கொண்டால், விளிம்பில் பூசும் சிலிக்கோன் பசை ஈரத்தில் பிடிக்காது. பழைய சன்னலைக் கழற்றியபின் புதியதைப் பொருத்தாமல் போகவும் முடியாது. திறந்த சுவரோடு ஒரு குடும்பம் இரவில் எப்படி உறங்கும்? முதல் வீட்டில் சுவர் முரண்டு பிடித்தால் இரண்டாம் வீடு காத்திருக்க, மூன்றாம் வீடு கைவிடப்படுகிறது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கிக் கிருமிப்பரவலைத் தடுக்கும் கட்டுப்பாடுகள் நாட்டை முடக்கியபோது, பாதியில் நின்ற வீட்டு வேலைகள் பல. வேலையாட்கள் தங்கள் விடுதிகளிலேயே அடைபட்டுக் கிடந்தனர். அந்தத் தாமதத்திற்காக எந்தக் குத்தகையாளரையும் குறை கூறுவது அறிவுடைமை ஆகாது.

தாமதம் வேறு, தாமதமாகும் என்று தெரிந்தே குறித்த பொழுதைச் சொல்லுதல் வேறு. என் வழக்கு பின்னதைப் பற்றியது. "வியாழன் முடிந்தாலும் முடியலாம்" என்பது கணிப்பு. "வியாழன் காலை பத்து மணிக்கு ஆள் வரும், வீட்டில் இருங்கள்" என்பது வாக்கு. ஏனெனில் பின்னதைக் கேட்டவர் அதன்மேல் தம் நாளைக் கட்டுகிறார், விடுப்பு எடுக்கிறார், மருத்துவரிடம் போவதைத் தள்ளி வைக்கிறார். செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறநூலில், திருப்பிக் கொடுக்க இயலாது என்று அறிந்தும் கொடுப்பதாகச் சொல்லிக் கடன் வாங்குபவன் ஒருவனை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். எல்லாரும் அங்ஙனம் செய்தால் வாக்கு என்பதே இல்லாமற் போகும்; சொல்லைக் கேட்பவர் நகைப்பார் என்பது அவர் வாதம். நம் வீட்டு வேலைகளில் அந்த நகைப்பு முன்பே தொடங்கிவிட்டது. குத்தகையாளர் வியாழன் என்றால் நாம் திங்கள் என்று மனத்துள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். இதில் வஞ்சிக்கப்படுபவர் வீட்டுக்காரர் மட்டுமல்லர். வியாழன் என்று சொல்லி வியாழனே வரக்கூடிய நேர்மையான குத்தகையாளரின் சொல்லும் திங்களாகவே கேட்கப்படுகிறது. தேய்ந்த நாணயம் புழங்கும் சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்க்கிறார்கள்.

எங்கள் மாடியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதிய அம்மையார் ஒருவர் மகளோடு வாழ்கிறார். மகள் துப்புரவு வேலை செய்பவர். மணிக் கணக்கில் ஊதியம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள் என்ற சொல்லை நம்பி அவர் வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் இரவே இருவரும் சன்னலோரத்துத் தொட்டிச் செடிகளை நகர்த்தி, சாமி படங்களை இறக்கி, கட்டிலைத் துணியால் மூடிவிட்டனர். பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே விடை. அந்த வழி அன்று மிக நீண்டது போலும். ஆட்கள் வந்து சேர்ந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிப்படி, உடைத்தல் போன்ற பேரொலி எழுப்பும் வேலைகளைத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. நான்கு மணிக்கு மேல் தொடங்கி ஐந்துக்குள் முடிக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது. ஆகவே வந்தவர்கள் சன்னலைத் தொடாமலே திரும்ப நேர்ந்தது. ஆறு மணி நேரத் தாமதம் மூன்று நாள் தாமதமாக வளர்ந்தது. அந்த மகள் வெள்ளிக்கிழமை ஊதியத்தை இழந்தார். திங்கட்கிழமை ஊதியத்தையும் இழக்க வேண்டும். மடிக்கணினியை மேசைமேல் வைத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அலுவலர்க்கு இதே காத்திருப்பு ஓர் எரிச்சலோடு போயிருக்கும். காத்திருப்பின் விலை எல்லார்க்கும் ஒன்றன்று. இல்லாதவரிடம் அது கூடுதலாக வசூலிக்கப்படுகிறது.

அம்மையார் வாசலில் நின்று அந்த இளைஞர்களைக் கடிந்துகொண்டார். "ஒரு பொம்பள காலையிலேருந்து பட்டினியா காத்துக் கிடக்கிறேன் தம்பி, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" என்றார். அவர்களுள் மூத்தவன் புதுக்கோட்டைப் பக்கத்தவன். கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைக்காமலே சொன்னான்: "அம்மா, காலையில மூணு வீட்டுக்கும் பத்து மணின்னுதான் சொல்லியிருக்காங்க. எங்களுக்கு லாரியில ஏறினப்புறம்தான் தெரியும்மா." அம்மையார் உள்ளே போய் இருவர்க்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வீட்டுக்கும் பத்து மணி! வாக்குக் கொடுத்தவர் குளிர்சாதன அறையில் இருக்கிறார். அதன் பழியைச் சுமப்பவன் லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வருகிறான். தன்னுடையது அல்லாத பொருளைக் கொடுப்பதாகச் சொல்வது குற்றம் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வோம். பிறனுடைய உடலுழைப்பையும் பிறனுடைய நாளையும் ஒரே பொழுதில் மூவர்க்கு விற்பது எவ்வகையிற் சிறந்தது? நேரம் தவறுதல் பற்றிய நம் பேச்செல்லாம் வந்து நிற்பவனைப் பார்த்தே எழுகிறது. வாசலில் நிற்பவன் பெரும்பாலும் பொழுதைக் குறித்தவன் அல்லன்.

நம் இலக்கியம் இதை எங்ஙனம் நோக்கிற்று என்று பார்க்கையில் எனக்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வருகிறது. அரசனது பாசறையில் நாழிகை வட்டிலை வைத்துப் பொழுதை அளந்து சொல்வோரைக் காட்டும் நப்பூதனார், அவர்களைப் பொய்யாதவர் என்று சிறப்பிக்கிறார். பொழுது சொல்பவர்க்குப் புலவர் தேர்ந்த அடைமொழி அதுதான். திறமையையோ கூர்மையையோ அவர் எடுத்துக் கூறவில்லை. திருக்குறளில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அது வினை முடிக்க ஏற்ற காலத்தை அரசன் தெரிந்துகொள்வது பற்றியது. தன் காலத்தை அறிதல் ஒன்று. பிறன் காலத்தைக் காத்தல் மற்றொன்று. பின்னதற்கு வழிகாட்ட வேண்டுமெனில் வாய்மை அதிகாரத்திற்குத்தான் போக வேண்டும் என்பேன்.

நாமோ கோள்களிடம் காட்டும் நேர ஒழுங்கை மனிதரிடம் காட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகு காலம் என்று நாட்காட்டி சொன்னால், ஒரு நிமிடம் முன்பின்னாகாமல் படியிறங்குகிறோம். 1982ஆம் ஆண்டு முதல் நாள் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டதால் இங்கே சூரியன் ஏழு மணியளவில் உதிக்கிறது என்றும், எனவே அந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்றும் வாதிடும் நுட்பர்களும் நம்மிடையே உளர். ஆனால் மாலை ஆறரை என்று அழைப்பிதழில் அச்சிட்ட விழா ஏழரைக்கு விளக்கேற்றினால் அதுவே விரைவு. எழுத்தாளர் கூட்டங்கள் இதற்கு விலக்கு என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

இனிச் சட்டம். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. இருபதாயிரம் வெள்ளி வரையிலான வழக்கை அங்கே கொண்டு செல்லலாம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 56ஆம் பிரிவில், காலம் இன்றியமையாததாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தத்தையும் அங்ஙனம் கொள்ளப்படாததையும் பிரித்துக் காட்டுகிறது. முன்னதில் காலம் தவறினால் ஒப்பந்தத்தையே விலக்கிவிடலாம். பின்னதில் இழப்பீடு கேட்கலாம். நல்ல பிரிவுதான். எனினும், ஒரு நாள் கூலிக்காக மேலும் இரு நாள் கூலியை இழந்து மன்றம் ஏற அந்த மகளால் இயலுமா? அவர் கேட்டதும் அதுவன்று. "வர முடியாதுன்னு காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேலைக்குப் போயிருப்பேனே" என்பதுதான் அவர் முறையீடு. அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு ஏதும் இல்லை. சொல்லாமல் விட்டதன் காரணம், சொன்னால் வாடிக்கை வேறிடம் போய்விடும் என்ற அச்சமே. அதாவது, தம் இழப்பைத் தவிர்க்க அவர் நாளைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். இதைப் பழக்கக் குறைவு என்று நான் கூறேன்.

வாடிக்கையாளர் பங்கும் இதில் உண்டு. ஆறு வாரம் ஆகும் என்று உள்ளதைச் சொல்பவரை விட்டு, மூன்றே வாரம் என்பவரிடம் முன்பணம் கொடுப்பவர்கள் யார்? ஆட்கள் வந்து கதவைத் தட்டும்போது வெளியே போய்விட்டு, "நாளைக்கு வரச் சொல்லுங்கள்" என்பவர்களும் உளர். அதற்கு அஞ்சியே குத்தகையாளர் ஒரு பொழுதுக்கு மூன்று வீட்டைக் குறித்து வைக்கிறார். இரு தரப்பும் ஒருவர் பொய்யை மற்றவர் எதிர்பார்த்துக் கணக்கிடுகையில், உண்மை சொல்பவரே கணக்கைக் கெடுப்பவர் ஆகிறார்.

எனக்குப் பழக்கமான முதிய குத்தகையாளர் ஒருவர், கண்ணாடி ஆலையிலிருந்து சரக்கு தம் பட்டறைக்கு வந்து, அதைத் தாமே அளந்து பார்த்த பிறகுதான் நாள் குறிப்பார். அதுவரை எத்தனை முறை கேட்டாலும் "இன்னும் தெரியாதுங்க" என்பதே விடை. ஒரு காலைக்கு ஒரு வீடு. பிற்பகலுக்கு ஒரு வீடு. தாமதமானால் தாமே தொலைபேசியில் பேசுவார். ஆட்களைப் பேச விடமாட்டார். விலை கேட்க வருபவர்களில் பாதிப்பேர் அந்தத் "தெரியாது" என்ற சொல்லைக் கேட்டதும் வேறு கடை பார்க்கப் போய்விடுகிறார்கள் என்றார். பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார். இன்னும் ஒரே ஒரு லாரிதான் வைத்திருக்கிறார்.