எண்ணும் வாய்மையும்

எண்ணுதல் என்னுஞ் சொல் தமிழிலே இருபொருள்படும். பொருள்களை இத்துணையென்று கணக்கிடுதல் ஒன்று. உள்ளத்தால் நினைத்தல் மற்றொன்று. நினைத்தலின்றி எண்ணுதல் எண்ணுதலாகுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா. அரிவரி வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது சிறு வினாவன்று.

நான்கு வயதுப் பிள்ளையொருத்தி ஒன்று முதல் இருபது வரை தடையின்றிச் சொல்கின்றாள். பெற்றோர் மகிழ்கின்றனர், ஆசிரியரும் தலையசைக்கின்றார். அவள்முன் ஒருகைப் புளியங்கொட்டையை வைத்து, "பிள்ளை, ஐந்து கொட்டை எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். அள்ளியவாறு கொடுப்பாளாயின், அவள் நாவில் உள்ளது சொல்வரிசையே, எண் அன்று. கரன் வின் என்னும் உளநூலார் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனையே காட்டிற்று. மூன்று வயதினை ஒட்டிய பிள்ளைகள் பலர், எண்ணுப்பெயர்களை வரிசையாகச் சொல்ல வல்லராயிருந்தும், கேட்ட தொகையைக் கொடுக்க அறியாராய் அள்ளிக் கொடுத்தனர்.

"முன்னே நெட்டுருச் செய்க, பொருள் பின்னே தானே விளங்கும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்றோர் கணக்கிற் குறைந்தாரோ?" என்பாரும் உளர். நெட்டுருவை முற்றும் மறுத்தல் நம் கருத்தன்று. 1978 ஆம் ஆண்டில் கெல்மன், கலிஸ்ரல் என்னும் இருவர் எண்ணுதற்கு வகுத்த நெறிகளுட் பெயர்வரிசை பிறழாமையும் ஒன்று. ஆயின், ஒரு பொருட்கு ஒரு பெயரே கொடுத்தலும், இறுதியிற் சொன்ன பெயரே தொகையென அறிதலும் அதனோடு உடன் வைக்கப்பட்டன. ஆகவே நெட்டுருக் குற்றமன்று. அதனை அறிவென்று பாராட்டுதலே குற்றம். அறியாததை அறிந்தார்போற் சொல்லிப் புகழ் பெறலாம் என்னும் பாடத்தைப் பிள்ளை அன்று நம்மிடமே கற்கின்றது. வாய்மையைப் பற்றி நாம் பின்னர்ச் செய்யும் பிரசங்கம் அப்பாடத்தை அழிக்குமோ?

இன்னுமொன்றுண்டு. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள், பாலர் கற்பன பலவும் உரையளவையால் வருவன. இவ்வரிவடிவம் அகரம் என்பதை ஆசிரியர் சொன்னாராதலின் பிள்ளை கொள்கின்றது. ஐந்து கொட்டைகள் ஐந்தாதலோ அவ்வாறன்று. இடமிருந்து எண்ணினும் வலமிருந்து எண்ணினும் ஐந்தே. பரப்பினும் குவிப்பினும் ஐந்தே. ஆசிரியர் ஆறென்று ஆணையிடினும் ஐந்தே. தன் விரலால் தொட்டுத் தானே துணியும் உண்மையைப் பிள்ளை இங்கே காண்கின்றது.

1907 ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் குழந்தைகள் இல்லந் திறந்த மொன்ரிசோரி அம்மையார் அமைத்த கோற்பெட்டி இதற்கு நல்ல சான்று. 0 முதல் 9 வரை இலக்கமிட்ட அறைகளில் இடுதற்குக் கோல்கள் 45 மட்டுமே உள. ஓரறையில் ஒன்று மிகுந்தால் இறுதியில் ஒன்று குறையும். பிழையை உணர்த்துவது ஆசிரியரின் வாயன்று, கோலே. 0 என்னும் அறை வெறிதே நின்று, இன்மைக்கும் ஓர் இலக்கம் உண்டென்று காட்டும்.

ஆதலின், ஆசிரியர்காள், முதலில் ஐந்தளவில் நில்லுங்கள். கொட்டைக்கு ஒரு புள்ளியாக மணலில் இடச்செய்து, அதன்பின்னரே இலக்கத்தைக் காட்டுங்கள். பிள்ளை பிழைத்தவிடத்துத் தொகையை நீங்கள் சொல்லாது, "மீண்டும் தொட்டு எண்ணிப் பார்" என்று மட்டுஞ் சொல்லுங்கள். பெற்றோர் வந்து கேட்குங்கால், நம் பிள்ளை இருபது சொல்லாது ஐந்தோடு நிற்றல் நமக்குச் சிறுமைபோலத் தோன்றும். அச்சிறுமையைப் பொறுத்தல் நம் கடன்.