நாம் ஏன் அள்ள வேண்டும்?

“மாமா, கொட்டினவங்க வீட்டில தூங்குறாங்க. நாம வந்து அள்ளுறோம். அடுத்த வாரமும் கொட்டத்தான் போறாங்க. அப்புறம் நாம ஏன் அள்ளணும்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்பத்தூர் ஏரிக்கரையில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் எங்கள் மஹல்லாப் பிள்ளைகள் பதினொரு பேரை அழைத்துக்கொண்டு, கரைமேல் உள்ள நடைபாதையைச் சீர்செய்யப் போயிருந்தேன். சீமைக் கருவேல முட்களை வெட்டி ஒதுக்குவது, மழை அரித்த பள்ளங்களில் மண் இட்டு நிரப்புவது, பாதையோரம் குவிந்த குப்பையை அள்ளுவது ஆகியவை அன்றைய வேலைகள். பிள்ளைகள் முழங்கால்வரை சேறாகி நின்றனர். என் கையில் பெயர்ப் பட்டியலும் ஊதலும் இருந்தன. என் கைலியில் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

“நன்மை கிடைக்கும் தம்பி. பேசாமல் வேலையைப் பார்” என்றேன்.

அவன் என் கைகளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொண்டான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

சகோதரர்களே! நான் அவனிடம் சொன்னதில் பொய் இல்லை. ஆயினும் அந்தச் சொல்லால் ஒரு நியாயமான கேள்வியின் வாயை அடைத்தேன் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்டதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பிறர் செய்த கேட்டை நாம் நீக்குவது நீதியா? அந்தக் கேட்டில் பங்கே இல்லாத பிள்ளைகளை அதற்கு அழைக்கும் உரிமை நமக்கு உண்டா? மீண்டும் மீண்டும் அழியும் வேலையைச் செய்வதால் என்ன பயன்? இம்மூன்றையும் நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சைத் தொட்டு எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கொட்டியவர் குற்றமும் நம் கடமையும்

பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறிந்த நபிமொழி. அதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த முள்ளைப் போட்டவர் யார் என்று விசாரித்த பிறகே அதை அகற்ற வேண்டும் என்று அங்கே நிபந்தனை ஏதும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறோமா? காரணம் எளிது. குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் முன் பார்வையற்ற ஒருவர் அவ்வழியே வந்துவிடக்கூடும். அவர் காலுக்கு நம் விசாரணை தெரியாது.

ஏரியும் அத்தகைய பாதைதான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் போய்ச் சேரும்படி நம் முன்னோர் தொடர்ச்சியாக அமைத்து வைத்தனர். இங்கே ஒருவர் கால்வாயை அடைத்தால் அங்கே முகமறியாத ஒருவர் வீட்டில் தண்ணீர் புகும். 2015 டிசம்பரில் சென்னையும் புறநகரும் வெள்ளத்தில் மிதந்ததை நாம் கண்டோம். நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், செம்பரம்பாக்கமும் புழலும் பூண்டியும் சோழவரமும் வறண்டு கிடந்ததையும் கண்டோம். அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏற்றி வந்த குடிநீர் வில்லிவாக்கத்தில் இறக்கப்பட்டது. ஏரிகள் சூழ்ந்த ஊருக்கு ரயிலில் தண்ணீர்! இதைவிடப் பெரிய படிப்பினை வேண்டுமா?

முற்காலத்தில் இப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரி நீரைப் பயன்படுத்தும் குடிகளே ஆண்டுதோறும் கூடி, வாய்க்காலைத் தூர் வாரி, கரையைப் பலப்படுத்துவர். அந்த வழக்கம் தளர்ந்தபோது 1858இல் ஆங்கில அரசு அதைக் கட்டாயமாக்கிச் சட்டமே இயற்றியது. நம் பகுதியிலோ 1964இல் தொழிற்பேட்டை தொடங்கிய பின் ஊரின் முகமே மாறிப்போயிற்று. வயல்கள் மனைகளாயின. பாசனம் போனபின், ஏரியை ‘என்னுடையது’ என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டி எடுத்து வர ஆளில்லை. பலர்மீது சேர்ந்து விழும் கடமையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள் என்பது பர்ளு கிபாயாவின் இலக்கணம். மார்க்கத் தீர்ப்பு வழங்க நான் ஆலிம் அல்லன். ஆயினும் அந்த அளவுகோலை நம் ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால், வீட்டில் தூங்கும் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

அதே சமயம் சிறுவன் கேட்டதன் மறுபாதியையும் மறைக்கக் கூடாது. அள்ளுவது ஒரு கடமை. கொட்டாதே என்று தடுப்பது மற்றொரு கடமை. நன்மையை ஏவுவதோடு தீமையைத் தடுப்பதும் நம்மீது விதியானதே. முதலாவதை மட்டும் செய்துகொண்டிருந்தால், நம் பிள்ளைகளின் வியர்வை கொட்டுபவருக்குக் கூலியில்லாத ஊழியமாகிவிடும். கொரட்டூர் ஏரியைக் காக்க முன்வந்த பொதுமக்கள் கரையைச் சுத்தம் செய்ததோடு நிற்கவில்லை. கழிவுநீர் கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றனர். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் மனு. இதுவே முழுமையான வழி.

பிள்ளைகளை அழைக்கும் உரிமை

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. ஏரியைக் கெடுத்தது நம் தலைமுறை. அதைச் சுத்தம் செய்ய மகனை அனுப்பிவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பது என்ன நியாயம்?

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரின்போது மதீனாவைக் காக்க அகழி தோண்டினார்கள். குளிர், பசி, கல்லும் மண்ணும். அவ்வேளை நாயகம் (ஸல்) அவர்கள் நிழலில் நின்று கட்டளையிடவில்லை. தாமே மண் சுமந்தார்கள். திருமேனியைப் புழுதி மூடும் அளவுக்குச் சுமந்தார்கள் என்பது ஸஹீஹான அறிவிப்பு. அதே போரில் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு வயது பதினைந்து. அதற்கு முன் உஹதுப் போருக்குப் பதினான்கு வயதில் ஆர்வத்தோடு வந்தபோது அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அகழ்ப் போரில்தான் கிடைத்தது. பிள்ளையின் ஆர்வத்தை மதிப்பது வேறு, அவன் தாங்கக்கூடியதை அளந்து பார்ப்பது வேறு என்பதை இச்சம்பவம் நமக்குக் கற்றுத் தருகிறது.

அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்தாண்டுகள் நாயகத்துக்குப் பணிவிடை செய்தார்கள். அத்தனை காலத்தில் ஒருமுறைகூடத் தம்மைப் பார்த்து ‘சீ’ என்றோ, ‘இதை ஏன் இப்படிச் செய்தாய்’ என்றோ நாயகம் கேட்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்கள். நானோ இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளையிடம் ‘பேசாமல் வேலையைப் பார்’ என்றேன்!

1933 முதல் 1942வரை அமெரிக்காவில் ஒரு பெரிய இளைஞர் படை காடுகளில் வேலை செய்தது. ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் அதில் சேர்ந்து, மலைப்பாதைகள் அமைத்து, 300 கோடிக்குக் குறையாத மரங்கள் நட்டனர். அவர்களுக்கு உணவு, உடை, இருப்பிடம் உண்டு. மாதம் 30 டாலர் சம்பளமும் உண்டு. அதில் பெரும்பகுதி அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. நம் நாட்டிலும் 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிய நாள் முதல் மாணவர்கள் இத்தகைய பணிகளில் ஈடுபட்டு வருகின்றனர். ஏரிக்கரைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. கூலி வாங்காமல் உழைப்பவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன், கூலி வாங்குபவனுக்குப் பட்டதைவிடப் பெரியதல்லவா? பெற்றோர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளை நம் கையில் ஓர் அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு.

அதனால் இப்போது நாங்கள் சில விதிகளைக் கடைப்பிடிக்கிறோம். அத்தாவும் அம்மாவும் சம்மதித்த பிள்ளை மட்டுமே வரலாம். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. புதரில் கை வைக்கும் முன் நீண்ட கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு இருந்தால் விலகிப் போக வழிவிட வேண்டும். மண்வெட்டி பிடிப்பவர் இருவருக்கு இடையே, இருவரும் ஓங்கினாலும் மோதாத தூரம் இருக்க வேண்டும். கையுறையும் காலணியும் இல்லாதவர் அன்று தண்ணீர்ப் பானை அருகில் உதவலாம், குப்பையைத் தொடக் கூடாது. உடைந்த கண்ணாடி, ஊசி, மருந்துக் குப்பி தென்பட்டால் பிள்ளைகள் விலகி நின்று குரல் கொடுக்க வேண்டும். பெரியவர் இடுக்கி கொண்டு வந்து எடுப்பார். வெயில் ஏறும் முன் ஒன்பது மணிக்கு வேலை முடிந்துவிடும். போகும்போது எண்ணிய தலைகளைத் திரும்பும்போதும் எண்ணுகிறோம்.

இவற்றோடு எழுதப்படாத விதி ஒன்றும் உண்டு. மிக அருவருப்பான மூலை எதுவோ, அங்கே முதலில் இறங்குபவர் தலைவர்.

அழியும் வேலையின் பயன்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். மீண்டும் குப்பை சேரும் இடத்தில் உழைப்பது வீண் அல்லவா?

கியாமத் நாள் வந்துவிட்ட வேளையிலும், ஒருவர் கையில் ஒரு கன்று இருந்து அதை நட இயலுமானால் நட்டுவிட வேண்டும் என்பது நபிகளாரின் போதனை. சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அந்தக் கன்று வளரப்போவதில்லை, நிழல் தரப்போவதில்லை. இருந்தும் நடு என்றால், பலனைக் கண்ணால் காண்பது செயலுக்கு நிபந்தனை ஆகாது என்பதுதானே அதன் பொருள்? முடிவு அல்லாஹ்விடம். நிய்யத்தும் முயற்சியும் நம்மிடம்.

ஆனால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லால் மட்டும் விளக்க முடியாது. ஆவணி, புரட்டாசி மாதங்களில் உதிர்ந்த பனம்பழங்களைச் சேகரித்து, கரையின் வெளிச்சரிவில் கொட்டைகளைப் புதைக்கிறோம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் வேர் மண்ணை இறுக்கிப் பிடித்துக் கரையைக் காக்கும். புதைத்த கொட்டை முதலில் மண்ணுக்குள் கீழ் நோக்கியே இறங்கும். பல வாரங்களுக்கு மேலே ஒன்றும் தெரியாது. பொறுமையற்றவர் விதை செத்துவிட்டது என்று சொல்லிவிடுவார். ஓலை வந்து, மரமாகி, நுங்கு தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று பதினான்கு வயதில் நடுபவன் தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அதைக் காண வேண்டியவன். நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்ணும் அளவெல்லாம் நட்டவருக்குச் சதக்கா என்று நம் மார்க்கம் கூறுகிறது. உண்பவர் நட்டவர் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

நம்பிக்கையூட்டும் காட்சியும் அருகிலேயே உண்டு. ஆவடி பருத்திப்பட்டு ஏரி கழிவுநீரால் சீரழிந்து கிடந்ததை அறிந்தவர்கள், 2019இல் அது சீரமைக்கப்பட்டு நடைபாதையோடு திறக்கப்பட்டதையும் அறிவார்கள். கெட்டது கெட்டபடியேதான் இருக்கும் என்று சபதம் செய்துகொள்ள நமக்கு உரிமை இல்லை.

வராமல் போன அந்தச் சிறுவனின் வீட்டுக்கு நான் போனேன். அவன் அம்மா தேநீர் கொடுத்தார். “நீ கேட்டது சரியான கேள்வி தம்பி. நான்தான் பதில் சொல்லாமல் அதட்டிவிட்டேன். மாப்பு பண்ணிக்கோ” என்று அவனிடம் சொன்னேன். அறுபதை நெருங்கும் வயதில் ஒரு சிறுவனிடம் அப்படிச் சொல்வது எளிதாக இல்லை. அவன் தலையைக் குனிந்து, “நீங்களும் அள்ளுவீங்களா மாமா?” என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். நாங்கள் இருவரும் கால்வாய் முனையிலிருந்த நாற்றக் குவியலை அள்ளினோம். பிறகு அவனே தன் கையெழுத்தில் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினான். பிள்ளைகள் எல்லோரும் கையொப்பமிட்டனர். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அதே இடத்தில் மறுபடியும் குப்பை கிடந்தது. முன்பைவிடக் குறைவு என்றான் அவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையை நல்ல காரியத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் அனுப்பாதீர்கள், அழைத்துக்கொண்டு வாருங்கள். நம் நாவு சொல்வதைவிட நம் கைகளையே அவர்கள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கைகளைச் சேறுபடுத்திக்கொள்ளும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.