ஒத்துழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் தற்காலிக ஊழியர். "ஹஜ்ரத், நாளைக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து, இந்தத் தெருவில் யார் யார் வெளிநாட்டார், யாரிடம் சரியான காகிதம் இல்லை என்று பட்டியல் எடு என்று சொன்னால், நான் எடுப்பது ஹலாலா, ஹராமா? எடுக்காவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள்" என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வுளூ, தொழுகை பற்றிய மஸ்அலா என்றால் கிதாபைப் புரட்டிச் சொல்லிவிடலாம். இது அப்படிப்பட்டதல்ல. ஒரு மாதம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருமறையின் ஐந்தாவது அத்தியாயமான ஸூரத்துல் மாயிதாவின் இரண்டாவது வசனத்தில், நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கும்படியும், பாவத்திலும் வரம்பு மீறுதலிலும் ஒத்துழைக்க வேண்டாம் என்றும் அல்லாஹு தஆலா நமக்குக் கட்டளையிடுகின்றான். ஆக, ஒத்துழைப்பு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. எதில் என்பதே கேள்வி. அதிகாரி சொன்னார், நான் செய்தேன் என்பது மறுமையில் முழுப் பதிலாகிவிடாது.

மாநில அரசோ, நகராட்சியோ, ஒரு சிற்றூரோ மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்துக்கு எதுவரை கைகொடுக்க வேண்டும் என்ற வழக்கு இன்று உலகமெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரக் காவல்துறை 1979லேயே ஓர் உத்தரவு போட்டது. ஒருவர் எந்த நாட்டவர், எப்படி உள்ளே வந்தார் என்பதை மட்டும் கண்டறிவதற்காக எந்தக் காவலரும் விசாரணையைத் தொடங்கக் கூடாது என்பது அதன் சாரம். காரணம் மிகவும் எளியது. காகிதம் இல்லாதவன் வீட்டில் திருட்டுப் போனால் அவன் போலீஸ் நிலையத்துக்கு வர வேண்டும். கொலையை அவன் கண்ணால் கண்டிருந்தால் சாட்சி சொல்ல வேண்டும். வந்தவனையே பிடித்து நாடு கடத்துவார்கள் என்றால் எவன் வருவான்? 1989ல் சான்பிரான்சிஸ்கோ நகரம், சட்டமோ நீதிமன்ற ஆணையோ கட்டாயப்படுத்தினாலன்றி நகர ஊழியர்கள் இந்தப் பணியில் உதவக் கூடாது என்று விதியே செய்தது. மாகாண, நகர அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்காரர்களாக ஏவ முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997ல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில் சொன்ன தீர்ப்பு இந்நகரங்களுக்குப் பெரும் துணையாக நிற்கிறது. நிதியை நிறுத்துவோம் என்று 2017லும் 2025லும் மத்திய அரசு மிரட்டியும் பல நகரங்கள் அசையவில்லை.

நம் நாட்டு அமைப்பு வேறு. இங்கே வெளிநாட்டார் பற்றிய அதிகாரம் மத்திய அரசுடையது. அரசியல் சட்டத்தின் 258வது பிரிவின்படி 1958லேயே அந்த அதிகாரங்கள் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. 1946ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விடுதி நடத்துபவரும், கல்லூரியும், மருத்துவமனையும் வெளிநாட்டவரைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்கிறது அது. ஆகவே அமெரிக்க நகரத்தார் போல், இது எங்கள் வேலை இல்லை என்று நம் ஊழியர் கதவைச் சாத்திவிட முடியாது. அந்த இளைஞருக்கு இதை மறைத்துப் பேசுவது அவரை ஏமாற்றுவதாகும்.

ஆயினும் நம் மண்ணிலும் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. 2003ஆம் வருடத்துக் குடியுரிமை விதிகளை எடுத்துப் பாருங்கள். மக்கள்தொகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களைச் சரிபார்ப்பது உள்ளூர்ப் பதிவாளர். குடியுரிமையில் ஐயம் உள்ளவர் என்று ஒருவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதுபவரும் அவரே. வரைவுப் பட்டியல் வெளியானதும் அதிலுள்ள பெயர் மீது ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் தவணையும் உண்டு. டெல்லி நினைத்தாலும் நம் ஊர்த் தலையாரியும் வாத்தியாரும் அண்டை வீட்டாரும் கை கொடுக்காமல் இது நகராது. அஸ்ஸாமில் என்ன நடந்தது? இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. பெரும்பகுதி கடைசி நேரத்தில் வந்தது. விசாரணைக்கு அழைத்தபோது ஆட்சேபித்தவர் பலர் வரவேயில்லை. பெயர் எழுதப்பட்டவரோ வேலையை விட்டு, கடன் வாங்கி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து நின்றார். 2019 ஆகஸ்ட் 31ல் வந்த இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டனர். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு.

அதனால்தான் 2020 ஜனவரி 26ல் தமிழ்நாட்டின் பல கிராம சபைகளில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கும் பதிவேட்டுக்கும் எதிராகத் தீர்மானம் கொண்டுவரும் முயற்சி நடந்தது. மேற்கு வங்கமும் கேரளமும் 2019 டிசம்பரிலேயே பதிவேட்டுப் பணியை நிறுத்திவிட்டன. கொரோனா வந்து அந்தப் பணி நாடு முழுவதும் ஒத்திவைக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 8ல் நம் சட்டமன்றமும் அச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அப்போது ஊராட்சித் தேர்தலே நடந்திருக்கவில்லை. மாவட்டம் பிறந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2021 அக்டோபரில்தான் நமக்குத் தேர்தல். நான் அன்று பக்கத்து மாவட்டத்தில் என் மாமனார் ஊரில் இருந்தேன். தீர்மானத்தை எழுதித் தரும்படி ஜமாஅத்தார் என்னிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். எழுதினேன். அதில் 'எங்கள் மஹல்லாவாசிகளை' என்று ஒரு சொல் விழுந்தது. பள்ளியில் முஅத்தினாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஹஜ்ரத், இது நமக்காக மட்டுமா? சின்னசேலத்துக் கேம்பில் இருக்கிறார்களே, அவர்களுக்கு இல்லையா?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் முகம் மாறியது. ஒருவர் வாய்விட்டே சொன்னார்: "யாழ்ப்பாணத்தில் நம் ஆட்களை என்ன செய்தார்கள் என்று மறந்துவிட்டீர்களா பாய்?"

அது பொய்யான மனக்குறை அல்ல. 1990 ஆகஸ்ட் 3ல் காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே வருடம் அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் பறிகொடுத்து, உடுத்த துணியோடு வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். புத்தளத்துக் குடிசைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. இதை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் மேலே நான் குறிப்பிட்ட அதே வசனத்தின் முற்பகுதியை நாம் ஓதுகிறோமா? ஒத்துழைப்பைப் பற்றிய கட்டளைக்குச் சற்று முன்னால், மஸ்ஜிதுல் ஹராமுக்குள் விடாமல் உங்களைத் தடுத்த சமூகத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை வரம்பு மீறத் தூண்ட வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஒத்துழைப்பின் எல்லையை அல்லாஹ் வகுத்த இடமே வெறுப்பின் எல்லையையும் வகுத்த இடமாகும். ஓர் இயக்கம் செய்த அநியாயத்துக்கு, அதே போரில் வீடு எரிந்து ராமேஸ்வரம் கரையில் வந்திறங்கிய கிழவியும் குழந்தையுமா பொறுப்பு?

இலங்கைத் தமிழர் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இன்றும் இருக்கிறார்கள். முகாம்கள் நூற்றுக்கும் மேல். 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. பெயர் மாறிற்று, வருவாய்த்துறையார் வந்து ஆள் எண்ணிப் பார்க்கும் வழக்கமும் க்யூ பிரிவுப் போலீஸின் கண்காணிப்பும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பட்டமும் வாங்கிய பிள்ளை சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவன். 2019ஆம் வருடத்துத் திருத்தச் சட்டம் முஸ்லிமை விட்டது போலவே இவர்களையும் விட்டது. இதில் நாமும் அவர்களும் ஒரே வரிசையில் நிற்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது நல்ல செய்தி. குடியுரிமை அன்று.

இனி மறுபக்கம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை அல்லவா? நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்வதாக ஒப்புக்கொண்டவன் அதை முறிக்கலாமா? கூடாது. இதற்கு ஹுதைபிய்யா (கி.பி. 628) போதும். உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் கால் விலங்கோடு தப்பி வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார்கள். குறைஷிகளிடமிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. எதிர்த்தரப்பில் பேசிய ஸுஹைலோ அவர்களின் சொந்தத் தகப்பனார்! ஸஹாபாக்களின் நெஞ்சு வெடித்தது. அப்படியிருந்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமையாக இருக்கும்படி கூறி அபூ ஜந்தலைத் திருப்பி அனுப்பினார்கள்.

இங்கேயே நிறுத்திவிடுவது சிலருக்கு வழக்கம். சரித்திரம் இங்கே நிற்கவில்லை. அதன்பின் அபூ பஸீர் (ரலி) மதீனாவுக்குத் தப்பி வந்தார்கள். அழைத்துப் போக வந்த இருவரிடம் அவர்களும் ஒப்படைக்கப்பட்டார்கள். வழியில் அபூ பஸீர் ஒருவனைக் கொன்று தப்பிக் கடற்கரைப் பக்கம் போய்த் தங்கினார்கள். அபூ ஜந்தலும் போய்ச் சேர்ந்தார்கள். நபியவர்கள் மதீனாவில் அவர்களுக்கு இடம் தரவில்லை, ஒப்பந்தம் தடுத்தது. ஆனால் அவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்க ஒரு படையையும் அனுப்பவில்லை. தங்கள் கையில் உள்ளவரை ஒப்படைப்பதுதான் ஒப்பந்தம். எதிரியின் காவலாளியாக மாறி மலையும் மணலும் தேடுவது ஒப்பந்தத்தில் இல்லை. மேலும், ஹிஜ்ரத் செய்து வந்த முஃமினான பெண்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஸூரத்துல் மும்தஹினாவில் கட்டளை வந்தபோது அவர்கள் அனுப்பப்படவில்லை. கடமை எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் ஓரடி கிடையாது. இந்த நுணுக்கம்தான் என் மனத்தில் தெளிவைத் தந்தது.

அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னரை நினைத்துப் பாருங்கள். மக்கத்துத் தூதர்கள் அரசவையினருக்கெல்லாம் அன்பளிப்புக் கொடுத்து, வந்தவர்களை விசாரிக்காமலே ஒப்படைத்துவிடச் சொல்லவைத்தார்கள். அந்த மன்னர் மறுத்தது எதை? விசாரிக்காமல் ஒப்படைப்பதை! ஜஃபர் (ரலி) அவர்களின் வாக்கைக் கேட்ட பின்னரே தீர்ப்பு. அன்பளிப்புகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அந்த அரசர் அன்று முஸ்லிம் அல்லர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நம் முன்னோர் அந்நியராக நின்றபோது அந்நியர் தந்த நிழல் அது.

குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுக்கலாம் என்று யாரும் இதிலிருந்து அர்த்தம் எடுக்க வேண்டாம். கொலைகாரனையும் பெண்ணைக் கெடுத்தவனையும் ஒளித்து வைப்பது சாபத்துக்குரிய செயல். அவன் எந்த நாட்டவனாயினும் சரி. பொய்ச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதும் ஆகாது. நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்யும் எழுத்தில் ஏறினால் நாளை இன்னொருவர் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் துருவித் துருவி ஒருவர் குறையைத் தேடாதீர்கள் என்பதும் குர்ஆனின் கட்டளைதான். கலீஃபா உமர் (ரலி) அவர்களே சுவரேறிக் குதித்து ஒருவர் குற்றத்தைக் கண்டபோது, நீங்கள் செய்த தவறுகள் மூன்று என்று அந்த மனிதர் எடுத்துக் காட்ட, அவரை விட்டுத் திரும்பிவிட்டார்கள் என்று சரித்திர நூல்களில் காண்கிறோம்.

காகிதம் இல்லாமை ஒரு குற்றமென்றால் நம் கல்வராயன் மலையில் எத்தனை பேர் தேறுவார்கள்? 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அங்கே எத்தனை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்று வெள்ளிமலைக்குப் போய்க் கேளுங்கள். மலையைக் காட்டுவார்கள். பிறந்த தேதியைக் கேட்டால், பெரிய மழை பெய்த வருடம் என்பார்கள். தாயும் தகப்பனும் பிறந்த தேதியையும் ஊரையும் கேட்கும் ஒரு படிவத்தை அந்தப் பெரியவர் முன் வைத்தால், அவர் இந்தியர் அல்லர் என்றா எழுதுவது? 2020க்கென்று திட்டமிட்ட பதிவேட்டுக் கேள்விகளில் அதுவும் ஒன்று.

அந்த இளைஞருக்கு நான் சொன்னது இதுதான். தம்பி, சட்டப்படி எழுத்தில் வந்த உத்தரவை நிறைவேற்று. எழுத்தில் வராததைச் செய்யாதே. உன்னிடம் கேட்கப்பட்டதை மட்டும் உள்ளபடி எழுது. 'சந்தேகம்' என்ற சொல்லை நீயாகச் சேர்க்காதே. பெயரையும் தொப்பியையும் பேச்சின் சாயலையும் வைத்து ஒருவரைப் பிரிக்காதே. காகிதம் இல்லாதவருக்கு எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டு வாங்கலாம் என்று சொல்லிக் கொடு. அதுவும் உன் வேலைதான். அதற்கு மேல் அநியாயமாக ஒன்றைச் செய்யச் சொன்னால் மேலதிகாரியிடம் மறுப்பை எழுத்தில் கொடு. ரிஜ்கை அளிப்பவன் அல்லாஹ் என்று உன்னிடம் சொல்வது எனக்கு எளிது; உன் தங்கைகளுக்குச் சோறு போடுவது ஜமாஅத்தின் கடமையாகும். அதை முத்தவல்லியிடம் நான் பேசியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாமனார் ஊர் நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'எங்கள் மஹல்லாவாசிகளை' என்பதை அடித்துவிட்டு, 'இவ்வூரிலும் சுற்று வட்டாரத்திலும் வாழும் எவரையும்' என்று எழுதினேன். இருவர் கையெழுத்திட மறுத்து எழுந்து போனார்கள். அந்த முதியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, முதலாவதாகக் கையெழுத்திட்டார்.