விட்டுவிடுதலும் மறைத்தலும்

உண்மையைச் சொல்ல வேண்டிய ஒருவர் அதில் ஒரு பகுதியைச் சொல்லாது விட்டால், அவர் பொய்யுரைத்தவர் ஆவாரா? அறநெறி பற்றிச் சிந்தித்தோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. நீர்வண்ண ஓவியம் தீட்டுவோரின் அருகில் சற்று நேரம் நின்று பார்த்தால் இவ்வினா புதிதாகத் தெளிவு பெறும். அக்கலை விட்டுவிடுதலையே அடிப்படையாகக் கொண்டது.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டுபவர் வெண்மையை இறுதியிலும் சேர்த்துக்கொள்ளலாம். பிழையை மூடி அதன்மேல் வேறொன்றைத் தீட்டலாம். நீர்வண்ணம் அவ்வளவு இடம் தராது. அது ஒளி ஊடுருவும் வண்ணம். தாளின் வெண்மையே அதில் ஒளியாகிறது. வெயில் விழும் சுவரைக் காட்ட வேண்டுமாயின், அந்த இடத்தில் தூரிகை படாமல் காக்க வேண்டும். ஆகவே எதை விடுவது என்பதை ஓவியர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

திறந்தவெளியில் அமர்ந்து தீட்டும்போது இத்தேர்வு மேலும் கடினமாகிறது. காலையில் கண்ட நிழல் நண்பகலில் இல்லை. காற்றும் வெப்பமும் தாளை விரைந்து உலர்த்திவிடும். ஆயினும் உலகெங்கும் பலர் இதனை விரும்பி மேற்கொள்கின்றனர். கேப்ரியல் கம்பனாரியோ என்னும் இதழோவியர் 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ இயக்கம், கண்முன் உள்ளதை அவ்விடத்திலேயே இருந்து, உண்மை பிறழாது வரைய வேண்டும் என்பதைத் தன் நெறியாகக் கொண்டுள்ளது. சென்னையிலும் வார இறுதிகளில் கூடி வரையும் குழுவினர் உண்டு.

இத்தகைய குழு ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள ‘கார்டன் ஹவுஸ்’ எனப்படும் பழைய தோட்ட இல்லத்தின் முன் ஒரு நாள் அமர்வதாகக் கொள்வோம். மின்கம்பியையும் அறிவிப்புப் பலகையையும் அவர்கள் தீட்டாது விடலாம். அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிலவும் அங்கே விடுபடுகின்றன.

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு சென்று விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்களும் அவ்விலையில் அடங்கின. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அவ்வாறே பிறந்தது. விற்றவரும் வாங்கியவரும் பேசி முடித்த அவ்வணிகத்தில், அங்கு வாழ்ந்தவர்க்குக் குரல் இருக்கவில்லை. அக்கோட்டையின் ஆளுநர்களுக்கென அமைந்ததே தோட்ட இல்லம். 1756இல் ராபர்ட் கிளைவ் அங்கே ஆளுநராயிருந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார். கம்பெனியை இக்கரைக்கு ஈர்த்தது நம் நெசவாளர் நெய்த துணி. அத்துணியால் வந்த செல்வமும், சுண்ணாம்பு அரைத்துச் செங்கல் சுமந்தோரின் உழைப்புமே அச்சுவர்களாக எழுந்தன. அவர்களுள் ஒருவர் பெயரும் அச்சுவரில் இல்லை.

இவற்றை அறிந்தபின் அவ்வீட்டை அழகாகத் தீட்டுதல் முறையாகுமா? வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேய ஓவியர் இருவர் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். மைசூர்ப் போர் ஒன்று முடிந்த ஆண்டு அது. அவர்கள் பின்னர் வெளியிட்ட 144 படங்கள் இன்றும் வியப்பூட்டுகின்றன. கோட்டைகளும் கோபுரங்களும் அமைதியான ஒளியில் நிற்கின்றன. மனிதரோ பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகச் சிறுத்து நிற்கின்றனர். போர் பட்ட நாடு கண்ணுக்கினிய காட்சியாகிவிட்டது.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். காணும் பொருள் தன் ஒளியோடு விளங்குவதற்காக விட்டுவிடுதல் ஒன்று. காண்பவர் மனம் உறுத்தாதிருக்க மறைத்தல் மற்றொன்று. கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவிலுள்ள சிதம்பரத்தில், திரையை விலக்கினால் வெளியே காணக்கிடைக்கும். பொன்னாலான வில்வ மாலை அங்கே தொங்கும். உருவில் அடங்காத ஒன்றை நோக்கி மனத்தைத் திருப்புவதற்காக அவ்விடம் வெறுமையாய் விடப்பட்டுள்ளது. அதனை எவரும் ஏமாற்று என்பதில்லை. தாளின் வெண்மையும் அத்தகையதே. மறைத்தலோ மனத்தைத் திருப்புவதில்லை; அது மனத்தை உறங்க வைக்கிறது.

“ஓவியர் வரலாற்றாசிரியர் அல்லரே, ஒரு தாளில் நெசவாளரையும் கொத்தரையும் எங்ஙனம் கொணர்வது?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களைக் கற்பனையாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. அச்சுவரை உள்ளபடி தீட்டினால் போதும். ஈரம் ஊறிய கறையையும், காரை உதிர்ந்த இடத்தில் தெரியும் செங்கல்லையும் பொறுமையோடு நோக்கித் தீட்டுபவர், அவற்றை அடுக்கிய கைகளைத் தேடிச் செல்கிறார். அச்சுவரைப் புதியதெனப் பளபளக்கச் செய்பவர் அக்கைகளை மீண்டும் ஒருமுறை அழித்துவிடுகிறார்.

இது ஓவியர்க்கு மட்டும் உரிய அறமன்று. நம் ஊர்களிலும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் நூற்றாண்டு மலர்கள் வெளியிடுகிறோம். நன்கொடையாளரின் படங்கள் முழுப்பக்கத்தில் இடம்பெறுகின்றன. கல் சுமந்தவர் யார், எவர் தனியே நிறுத்தப்பட்டனர், எந்தப் பூசல் எப்படித் தீர்க்கப்பட்டது என்ற செய்திகள் இடமின்மையால் விடுபட்டன என்கிறோம். உண்மையில் குறைந்தது இடமா, மனமா? குடும்ப வரலாறு சொல்லும்போதும் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

குழுவாகத் தீட்டுவோரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நாள் முடிவில் எல்லாரும் தம் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைப்பர். ஒருவர் விட்ட மரத்தை மற்றவர் தீட்டியிருப்பார். ஒருவர் முகப்பை வரைந்திருக்க, வேறொருவர் பின்புறச் சமையற்கட்டையும் வேலைக்காரர் நுழையும் வாயிலையும் வரைந்திருப்பார். எந்தத் தாளும் முழுமையன்று, எதுவும் பொய்யுமன்று. தன் தாளை மட்டும் கையிலேந்தி ‘இதுவே அவ்வீடு’ என்று ஒருவர் சாதிக்கும்போதுதான் விட்டுவிடுதல் மறைத்தலாக மாறுகிறது. நம் தாளைப் பிறர் தாள்களின் அருகே வைக்க நாம் அணியமாயிருக்கிறோமா என்பதே கேள்வி.