பாடு போனால் போகட்டும்

காட்டுப்பள்ளியிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் இருப்பவர்களே, நெஞ்சை அடைத்து, இடது தோளில் வலி இறங்கி, சட்டை நனைய வியர்த்தால் வாய்வுப் பிடிப்பு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அங்கேயே 14 மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மீஞ்சூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். வீட்டில் வேறு இரண்டு மணி நேரத்தை விட்டால் என்ன மிஞ்சும்?

அங்கே ஆஞ்சியோ என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். தொடையில் குழாய் விட்டு, மணல் மூட்டை ஏற்றி, காலை மடக்காமல் கிடந்த கதையை யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்தை விடுங்கள். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு நாடி வழியாகத்தான் போகிறார்கள். 1989-இல் கனடாவின் லூசியன் காம்போ இந்த வழியில் இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுத்ததை எழுதினார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனே இதே வழியில் அடைப்பையும் எடுத்தார். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 32 நாடுகளில் 7021 நோயாளிகளைத் தொடை வழி, கை வழி எனக் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்துப் பார்த்தது. பெரிய ரத்தக்கட்டு வந்தது தொடையில் 106 பேருக்கு, கையில் 42 பேருக்கு. மணிக்கட்டில் நாடி தோலுக்கடியில், எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அழுத்தினால் ரத்தம் நிற்கும். தொடையில் அது ஆழம். அங்கே கசியும் ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் சேர்ந்தால் வெளியே தெரிவதுகூட இல்லை. மணிக்கட்டு நாடி அடைபட்டாலும், கைக்குச் சுண்டுவிரல் பக்கமாக இன்னொரு நாடி ரத்தம் கொண்டுவருகிறது.

ஆனால் கை வழி எல்லோருக்கும் பொருந்தாது. கிட்னி கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்; நாளைக்கு டயாலிசிஸுக்கு அந்தக் கை நாடி தேவைப்படலாம். எந்தக் கையால் வலை இழுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், இடது கையிலும் போட முடியும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்வதில் குற்றமில்லை. (டாக்டர்களும் கேட்கலாம், வாயில் பறியைக் கடித்துக்கொண்டு ஏரித் தண்ணீரில் இறால் தடவும் பெண்ணுக்கு இரண்டு கையும்தான் பிழைப்பு.)

எனக்கு உண்மையான கவலை வீடு திரும்பிய பிறகுதான். மணிக்கட்டில் கட்டிய பட்டையைக் கழற்றியதும் தெரிவது ஒரு சின்னப் புள்ளி. அதைப் பார்த்து, வலை கட்ட என் முறையான பாடு நாள் வந்துவிட்டது, விட்டால் அடுத்த முறை எப்போதோ என்று வலையைத் தூக்காதீர்கள். முதல் நாள் மணிக்கட்டை மடக்கவே கூடாது. டாக்டர் சொல்லும் வரை, சில நாளோ ஒரு வாரமோ, வலை இழுப்பதும் படகு தள்ளுவதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் வேண்டாம். புண் ஆறும்வரை ஏரித் தண்ணீரில் கையை ஊறவிடவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் தாங்களாக நிறுத்தக்கூடாது.

துளையிட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டால் துணியைச் சுற்றி வேடிக்கை பார்க்காதீர்கள். உட்காரவைத்து, அதே இடத்தில் விரலால் விடாமல் அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். கை சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ வீங்கிக்கொண்டே போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யார் எந்த நாளில் எந்தத் துறையில் வலை கட்டுவது என்று பாட்டை ஒழுங்காகப் பிரித்துக்கொடுக்கத் தெரிந்த ஊர் இது. ஆஞ்சியோ முடித்து வந்தவனின் பாட்டுக்கு ஓர் ஆளை அனுப்பி, பங்கை அவன் வீட்டில் கொடுத்துவிட முடியாதா? அடுத்த கூட்டத்திலேயே பேசி முடியுங்கள்.