கைத்தொழிலும் ரிஷிகடனும்

அழிந்துவரும் கைத்தொழில் ஒன்றை ஆவணப்படமாக எடுத்துவைத்துவிட்டால் அத்தொழில் காக்கப்பட்டதாகுமா என்னும் வினா, மேலோட்டமாகப் பண்பாட்டுத் துறையைச் சார்ந்ததாகத் தோன்றினும், அறிவு எங்கே உறைகிறது என்னும் பழைய தத்துவ வினாவோடு பிரிக்கவியலாதபடி பிணைந்துள்ளது.

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சான்றாகக் கொள்ளலாம். நடுவிலுள்ள குடம், அதில் செருகப்படும் ஆரக்கால்கள், அவற்றின் மறுமுனைகளைக் கவ்வி வட்டமாக நிற்கும் வளைந்த மரத்துண்டுகளாகிய வட்டை, வெளியே இவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை ஆகியன அதன் உறுப்புகள். பட்டை சக்கரத்தின் சுற்றளவைவிடச் சிறியதாகவே அடிக்கப்படுகிறது. நெருப்பில் பழுக்கக் காய்ச்சும்போது விரிந்து மரத்தின்மேல் அமரும் அது, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கையில் சுருங்கிப் பொருத்துகள் அனைத்தையும் நெருக்குகிறது. நெருப்பும் புகையும் சீறியெழும் ஆவியும் படத்தில் தெளிவாகப் பதிகின்றன. ஆனால் பட்டை எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பது மரம் உலர்ந்திருக்கும் பக்குவத்தையும் பொருத்துகளின் இறுக்கத்தையும் பொறுத்துச் சக்கரத்துக்குச் சக்கரம் மாறுவதால், தச்சரும் கொல்லரும் பல்லாண்டுப் பழக்கத்தில் அடைந்த அந்தக் கணிப்பு படத்தில் பதிவதில்லை. சீன ஞானி சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூலிலும் முதிய சக்கரத் தச்சர் ஒருவர், உளியின் வேகம் தம் கைக்குத் தெரியுமேயன்றி மகனுக்குச் சொல்லித்தர இயலாது என்கிறார்.

செய்பொருள் எஞ்சினும் செய்முறை எஞ்சாது என்பதற்குத் தாம்பரத்தை அடுத்த பல்லாவரமே சான்று. அங்கு 1863இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவியைப் போன்றவற்றைச் செய்த முறையை அறிய விரும்பிய பிற்கால ஆய்வாளர்கள், தாமே கல்லோடு கல்லைத் தட்டிப் பழக வேண்டியிருந்தது.

இதனால் படம் பயனற்றது என்றாகாது; ஆனால் அது மட்டும் ஒரு கலையைக் காப்பதில்லை. கேரளத்தின் பாஞ்ஞாளில் 1975இல் நடந்த அதிராத்திரம் என்னும் பன்னிரண்டு நாள் வேள்வியை வேத ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஸ்டாலும் ஆவணப்பட இயக்குநர் இராபர்ட் கார்ட்னரும் படமாக்கியபோது, அதுவே இறுதி வேள்வியாகலாம் என்று அஞ்சப்பட்டது. எனினும் 2011இல் அதே ஊரில் அது மீண்டும் நடைபெற்றது. ஓதத் தெரிந்த நாவும் வேதிகை அடுக்கத் தெரிந்த கையும் எஞ்சியிருந்ததே அதற்கு அடிப்படை.

பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்னும் கருத்து தைத்திரீய சங்கிதையில் உள்ளது. அவற்றுள் ரிஷிகடன், அதாவது ரிஷிகளிடமிருந்து பெற்ற அறிவுக்கான கடன், கற்பதால் மட்டுமே தீர்வது. கற்கத்தக்கதைப் பத்திரப்படுத்துவதால் அது தீராது. அந்நூல் வேதம் ஓதுவோரை மனத்திற்கொண்டே பேசுகிறது. ஆயினும் உளி பிடித்தவரின் கல்விக்கும் அதே மதிப்பை அளிப்பதே நீதி.

டயர் வண்டிகள் வந்தபின் மரச்சக்கரத்துக்கு வாங்குவோர் அருகினர். திருவாரூர் ஆழித்தேரும் திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களில்தான் ஓடுகிறது. இந்நிலையில் வேலையற்ற தச்சரைப் படமெடுத்துவிட்டுத் திரும்புவது, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதோடு நின்றுவிடுவதாகும். படத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கேனும், அவரிடம் சில ஆண்டுகள் தங்கித் தொழில் பயிலும் இளைஞர் ஒருவரின் கூலிக்கும், பயில்வோர் வெட்டிப் பாழாக்கும் மரத்துக்கும் செல்ல வேண்டும்.